வாடகை வீட்டின் வாசனை

வீடு பார்க்கப் போன அன்று எனக்குப் பிடிக்காமல் போன ஒரே விஷயம், அந்த வீட்டில் அடித்த நல்ல வாசனை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு குறுகலான தெரு. மாடியில் வீட்டுக்காரம்மா குடியிருந்தார். கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடுவதாகச் சொன்னார். கதவைத் திறந்ததும் கூடத்தில் ரோஜா மணத்தது. படுக்கையறையில் மல்லிகை, சமையலறையில் எலுமிச்சை. ஒவ்வோர் அறையிலும் பிளக்கில் ஒரு சின்ன மெஷின் செருகியிருந்தது. அதற்குள் பாட்டில், பாட்டிலுக்குள் ஏதோ ஒரு நிறத்தில் திரவம். கொஞ்ச நாளாக ஆள் குடியில்லாமல் பூட்டிக் கிடந்த வீடு. யார் முகர்வதற்காக இத்தனை பூ என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒரகடம் பக்கத்தில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கன்வேயரில் வரும் பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்குவது என் வேலை. அளவுக்கு மீறிப் பளபளப்பாக வருவதைத்தான் இன்னொரு முறை திருப்பிப் பார்ப்போம். கீறல் விழுந்த பாகத்தைத்தான் யாராவது கூடுதலாகத் தேய்த்து அனுப்பியிருப்பார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் என்னை விடுவதில்லை. காய்கறிக்காரர் முதலில் எடுத்துக் கொடுக்கும் தக்காளியை நான் வாங்க மாட்டேன்.

என் கணவர் அப்படி இல்லை. அவர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். அந்தக் கடையில் கல்யாணக் கும்பல் உள்ளே நுழையும்போதே ஏசிக் காற்றோடு ஒரு வாசனை வரும்படி செய்திருப்பார்கள். "நம்ம கடை மாதிரியே இருக்குது பாரேன்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

படுக்கையறையின் பக்கவாட்டுச் சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பிளைவுட் பலகை அடித்து, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் பூசியிருந்தது. ஏன் என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார்கள், அந்த நாற்றம் உள்ளே வரக்கூடாது என்றுதான் அடைத்தோம் என்றார் வீட்டுக்காரம்மா. "அதுக்குத்தாம்மா இந்த மெஷின்லாம். நீங்களும் ஆஃப் பண்ணாம வெச்சிக்கினு இருங்க" என்றார்.

எனக்கு அந்த வீடு வேண்டாம். ஆனால் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும், கடைக்கு அவர் சைக்கிளிலேயே போய்விடலாம். தவிர, அவருடைய தங்கை அப்போது மாசமாக இருந்தாள். என் மாமனாரும் மாமியாரும் இல்லாததால் முதல் பிரசவம் எங்கள் வீட்டில்தான் பார்க்க வேண்டும். பழைய வீட்டில் மூன்றாவது ஆள் படுக்க இடமில்லை. ஒத்துக்கொண்டேன்.

குடி வந்த பிறகு ஒருநாள் மின்சாரம் போய், வெகுநேரம் வரவில்லை. மெஷின்கள் நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் ரோஜாவும் மல்லிகையும் அடங்க, அவற்றுக்கு அடியிலிருந்து வேறொன்று வந்தது. நனைந்த கோணிப்பையை மடித்து மூலையில் போட்டால் வருமே, அந்த வாடை. இதுதான் சாய நாற்றம் போலிருக்கிறது என்றார் என் கணவர். சாயத்துக்கு இப்படியா வாடை வரும் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் சாயப்பட்டறைக்குள் நான் போனதில்லை. வீட்டுக்காரம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா வாசல் தெளிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

மெஷின் போதவில்லை என்று என் கணவர் ஸ்பிரே வாங்கி வந்தார். துணி பீரோவில் பாச்சை உருண்டை போட்டார். கழிவறையில் தொங்கவிட நீல நிறத்தில் ஒரு கட்டி. வாசனை கூடக்கூட எனக்கு உள்ளே குடைச்சலும் கூடியது. ஒருநாள் அந்த பாட்டிலைக் கழற்றி, ஒட்டியிருந்த தாளைப் படித்துப் பார்த்தேன். கம்பெனியில் பெயின்ட் கரைக்கும் தின்னர் ஒரு டின் வந்தால்கூட அதில் என்ன கலந்திருக்கிறது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, எந்த அளவுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று கூடவே ஒரு தாள் வரும். அதைச் சுவரில் ஒட்டி வைத்திருப்போம். இதில் ஒரு கொத்து மல்லிகைப் படம் இருந்தது. 'வாசனைப் பொருள்' என்று ஒரு சொல் இருந்தது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வை என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லும் பொருளை மூச்சில் கலந்து கொடுக்கலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள், உனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் தோன்றும் என்றார்.

அப்புறம் என் நாத்தனார் வந்தாள். அவள் புகுந்த வீடு உத்திரமேரூர்ப் பக்கம். அவள் கணவன் ஓசூரில் வேலையாக இருந்தான். சின்ன வயதில் அவளுக்கு வீசிங் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அது வந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். வந்த சில நாட்களிலேயே கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். தொண்டையில் முடி மாட்டிக்கொண்டதுபோல் கனைத்துக்கொண்டே இருந்தாள். பகல் முழுக்க மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்திருப்பாள். அங்கே அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை. கீழே வந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்கும்.

அரசு மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் கொசுவத்தி, ஊதுவத்தி, ஸ்பிரே எதெல்லாம் வைக்கிறீர்கள் என்று கேட்டார். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, வீசிங் இருக்கிற பெண்ணுக்கு வாசனையும் புகையும் ஆகாது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்.

அன்றைக்கே மெஷின்களையெல்லாம் பிடுங்கினேன். ஸ்பிரே, உருண்டை, நீலக்கட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வெளியே வைத்தேன். வீடு தன் சொந்த வாடைக்கு வந்தது. சோற்றில் கை வைக்கும்போதுகூட அந்த ஈரக்கோணி வாடை மூக்கில் ஏறியது.

என் கணவர் வீட்டுக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை இந்த நாற்றத்தில் படுக்க வைப்பதா என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் ஜன்னலையும் திறக்கச் சொன்னாரே, ஜன்னல் எங்கே இருக்கிறது என்றார்.

மறுநாள் சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். நாத்தனார் டேங்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் கணவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணிக்கு நான் இங்க இருக்கறது புடிக்கல போலப்பா. டாக்டரம்மா சொன்னதையே சாக்கா வெச்சி, வாசனைக்கு வெச்சிருந்த எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க. வீடு நாறிக்கினு கெடக்குது. நானே கெளம்பிப் போயிடணும்னு பண்றாங்களோ என்னமோ."

துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன். என் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வருவது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவளிடம் விளக்கம் சொல்லலாம். ஆனால் வாடை இருக்கும்வரை எந்த விளக்கமும் எடுபடாது. கம்பெனியில் ஒரு பாகம் தொடர்ந்து தவறாக வந்தால் கன்வேயரைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போவோம். அதுபோல வாடையின் பின்னாலேயே போனேன். கூடத்தில் குறைவு. சமையலறையில் இன்னும் குறைவு. படுக்கையறையில், ஜன்னல் பலகையை ஒட்டி நிறுத்தியிருந்த துணி பீரோவை நெருங்க நெருங்க அதிகம். பீரோவை நகர்த்தித் தரும்படி என் கணவரிடம் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினார்.

பிளைவுட்டின் கீழ்ப்பகுதி ஊறி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி அமுங்கியது. அதைச் சுற்றிச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம், திட்டுத் திட்டாக. பீரோவின் முதுகிலும் அதே கறுப்பு. எங்கள் துணிகளெல்லாம் இத்தனை நாள் அதில்தான் சாய்ந்திருந்தன.

பக்கத்து வீட்டின் சாயத் தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றியது. நேரே அங்கே போனேன். அந்த அக்கா தறிக் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். உங்கள் சாயத் தண்ணீர் எங்கள் சுவரை ஊற வைத்துவிட்டது என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் தறியை நிறுத்திவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"சாயமா? இங்க ஏதும்மா சாயம்? சாயம் போட்ட நூலு வெளியிலேர்ந்து வருது, நாங்க நெய்யறதோட சரி. இப்டி வந்து பாரு."

வீட்டின் பக்கக் கதவைத் திறந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அகலத்தில் சந்து. அங்கிருந்து பார்த்தால் எங்கள் படுக்கையறை ஜன்னலின் வெளிப்பக்கம் தெரிந்தது. அதற்கு நேர் மேலே, மாடிக் குளியலறையின் குழாய் சுவரைவிட்டு வெளியே வரும் இடத்தில், தண்ணீர் கசிந்து சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. பாசி மேலேயிருந்து கீழ்வரை இறங்கியிருந்தது. அக்காவின் வீட்டுச் சுவரிலும் ஈரம் தெறித்துக் காரை பெயர்ந்திருந்தது.

"நீங்கதான் தண்ணிய எங்க பக்கம் ஊத்துறீங்கன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "அதுவும் இல்லாம உங்க வீட்டு சென்ட்டு வாசனை எங்க தறி வரைக்கும் வந்துச்சும்மா. தலவலி தாங்கல. சொன்னா சண்டைக்கு வருவியோன்னு விட்டுட்டேன்."

இந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த நாட்களிலெல்லாம் மனத்தில் இதை வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் மாடிக்குப் போனேன்.

வீட்டுக்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தார். எப்போதும் அப்படித்தான். அவர் கணவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வார், நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றுகூட நான் என் கணவரிடம் கேட்டதுண்டு. குழாயைப் பற்றிச் சொன்னேன். சாயம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கதவை முழுசாகத் திறந்துவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

குளியலறைக்கு ஒட்டிய அறையில் ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. அந்த அறையிலும் பிளக்கில் மெஷின் இருந்தது. அதே மல்லிகை. அதையும் மீறி, படுக்கையிலேயே கிடப்பவரின் வாடை.

"எனக்குத் தெரியும்மா" என்றார் வீட்டுக்காரம்மா. "தரைய ஒடச்சாத்தான் கொழாய மாத்த முடியும்னு பிளம்பர் சொல்லிட்டாரு. ஒடச்சா இவர எங்கம்மா வெச்சிப்பேன்? முன்ன இருந்தவங்களும் இதாலதான் காலி பண்ணிக்கினு போனாங்க. உண்மையச் சொன்னா யாரு குடி வருவாங்க?"

எனக்கு மனம் இளகியது உண்மை. இளக வைக்கத்தான் உள்ளே அழைத்து வந்து காட்டுகிறாரோ என்று அதே நிமிடத்தில் சந்தேகப்பட்டதும் உண்மை. ஒரு பொய்யைச் சொல்லி இத்தனை நாள் என்னைப் பக்கத்து வீட்டோடு பேசவிடாமல் செய்தவர். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

வீடு காலி செய்துவிடலாம் என்பது என் கட்சி. இந்த நிலைமையில் அலைய முடியாது என்பது என் கணவர் கட்சி. வழி சொன்னது என் நாத்தனார்தான். வேலை முடிகிற வரைக்கும் பெரியவர் நம் கூடத்தில் படுத்துக்கொள்ளட்டுமே என்றாள். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இருவரும் அதை நினைத்திருக்கவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

முதலில் பலகையைப் பெயர்த்தோம். அந்தத் தூசியும் பூஞ்சணமும் நாத்தனார் மூச்சில் போகக்கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் கணவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஆணிகளைப் பிடுங்கினார். பலகை கையோடு துண்டு துண்டாக வந்தது. ஜன்னலின் கதவுகள் ஊறி இறுகிப் போயிருந்தன. தட்டித் திறந்ததும் வெளியிலிருந்து சந்துக்காற்று வந்தது. பாசி வாடைதான். ஆனாலும் நகர்கிற காற்று. பீரோவை வாசலில் போட்டுக் கழுவி வெயிலில் நிறுத்தினோம். துணிகளைத் துவைத்து மொட்டைமாடி முழுக்கக் காயப்போட்டோம்.

பிறகு என் கணவரும் பக்கத்து வீட்டு அக்காவின் கணவரும் சேர்ந்து, பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினார்கள். வெளியே வெயில் படவும் அவருக்குக் கண் கூசியது. எங்கள் கூடத்தில் வாசலுக்கு எதிரே கட்டில் போட்டோம். வீட்டுக்காரம்மாவுக்கு எங்கள் வீடு நாறுமே என்று கூச்சம். ஸ்பிரே டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அழுத்தப் போனபோது நாத்தனார் அதை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"வேணாம்மா. துணிய மாத்திட்டாப் போதும்."

விரிப்பை மாற்றினோம். மெத்தையை மாடியில் வெயிலில் போட்டோம். பெரியவரைத் துடைத்துவிட்டுப் பவுடர்கூடப் போடாமல் படுக்க வைத்தோம். அவ்வளவுதான். கதவும் ஜன்னலும் திறந்திருக்க, கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது. அன்று முழுக்க நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து முகர்ந்து பார்த்தேன். எங்காவது ஒளித்து ஒரு மெஷினை வைத்துவிட்டார்களோ என்று பிளக்குகளையும் பார்த்தேன். இல்லை.

மேலே தரையை உடைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெரியவர் கண்ணைத் திறப்பார். நாத்தனார் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டே, "ஒண்ணும் இல்லப்பா, கொழாய் மாத்துறாங்க" என்பாள். அவள் கண்ணைக் கசக்குவது நின்றிருந்தது. ராத்திரியில் இழுப்பு இல்லாமல் தூங்கினாள். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, உங்களைப் பற்றி நான் தப்பாகப் பேசிவிட்டேன் அண்ணி என்றாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

குழாய் மாறியது. சுவர் காய வெகுநாள் பிடித்தது. காய்ந்ததும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். சமையலறையில் காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன் வைத்துத் தரச் சொன்னேன், வீட்டுக்காரம்மா மறுபேச்சில்லாமல் வைத்துக் கொடுத்தார். பெரியவர் மாடிக்குப் போன பிறகும் அவர் அறையில் மெஷின் போடவில்லை என்று சொன்னார். நான் நம்பவில்லை. கஞ்சி கொண்டுபோகும் சாக்கில் போய்ப் பார்த்தேன். பிளக் காலியாகத்தான் இருந்தது. மழை வந்தால் இன்றைக்கும் நான் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சந்துக்கு அந்தப் பக்கம் அக்காவும் தன் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம்.

நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு குழந்தையைக் குளிப்பாட்ட அவளுடைய மாமியார் ஊரிலிருந்து வந்தார். நல்ல உழைப்பாளி, கை நிதானம். கால்மேல் குழந்தையைப் போட்டு அவர் தண்ணீர் ஊற்றும் அழகை நின்று பார்க்கலாம். குளிப்பாட்டி முடித்ததும் ஒரு தட்டில் கனலை எடுத்துச் சாம்பிராணியைத் தூவினார். புகை குபுகுபுவென்று எழுந்தது. குழந்தையின் தலையை அதில் காட்டுவதற்கு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அது என் வீட்டுக் குழந்தை அல்ல, அவர் வீட்டுக் குழந்தை. சொன்னால் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும்.

"பொகை வேணாம் அத்த" என்றாள் நாத்தனார், கட்டிலில் இருந்தபடி.

அத்தை அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். இதுவரைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் புகை போடாமல் வளர்ந்ததில்லை, தலையில் நீர் கோத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்றார். பிறகு, "யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு இது?" என்று கேட்டார். கண் இன்னும் என் மேல்தான் இருந்தது.

"யாரும் சொல்லல அத்த. எனக்கு மூச்சு முட்டுனது எனக்குத்தான தெரியும். அவளுக்கும் என் ஒடம்புதான். தலைய நல்லாத் தொவட்டினாப் போதும்."

அத்தை கொஞ்ச நேரம் குழந்தையை ஏந்தியபடியே நின்றார். புகை அவர் முகத்துக்கே வந்தது. இருமினார். பிறகு குழந்தையை அவள் மடியில் கொடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நாத்தனார் பழைய வேட்டித் துணியால் குழந்தையின் தலையை ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.

அத்தை ஊருக்குப் போகிறவரைக்கும் என்னிடம் அளந்துதான் பேசினார். நான் அவள் மனத்தைக் கலைத்துவிட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த முறை வந்தபோதும் பையில் சாம்பிராணி இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "சாமிக்கும்மா. வாசல்லயே வெச்சிக் காட்டிட்டு வந்துடறேன்" என்றார். சரி அத்தை என்றேன். அவர் வாசலுக்குப் போனதும், புகை உள்ளே வருகிறதா என்று பார்க்க நானும் பின்னாலேயே போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் நிற்பதைக் கண்டும் காணாததுபோல், தட்டைத் தெருப்பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.